ராக்கெட் டெக்கால் மேல கிளியர் கோட்: உங்க கேள்விகளுக்கு பதில்

மாடல் ராக்கெட்டுக்கு பெயிண்ட் அடிச்சு டெக்கால் (படம், எழுத்து அச்சடிச்ச மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டி முடிச்சப்புறம் மேல கிளியர் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) அடிக்கறதுலதான் நிறைய பேருக்கு வேலை கெட்டுப்போகுது. வந்த கேள்வி எல்லாத்தையும் சேர்த்து ஒரே இடத்துல பதில் போடறேன், விட்டுப்போனது இருந்தா கீழ கேளுங்க.

கேள்வி: டெக்கால் நல்லாத்தானே ஒட்டியிருக்கு, கிளியர் அடிச்சே ஆகணுமா அண்ணா?

வாட்டர்ஸ்லைடு டெக்கால்னா, அதாவது தண்ணியில ஊறவெச்சு நகர்த்தி ஒட்டற வகைன்னா, அடிச்சிடுங்க தம்பி. அது ரொம்ப மெல்லிசான ஃபிலிம், அடியில இருக்கற பசையும் தண்ணியில கரையற பசைதான். ராக்கெட் பாராசூட்ல இறங்கி ஈரப்புல்லுல விழும், தரையில இழுபடும், மோட்டார் மாத்தறப்ப நாம அழுத்திப் பிடிக்கற இடமும் பெரும்பாலும் டெக்கால் மேலதான் இருக்கும். ஒரு ஓரம் நகம் பட்டு லேசா தூக்கிட்டா அப்புறம் அது உரிஞ்சுக்கிட்டேதான் போகும். கிளியர் அடிக்கறதே அந்த ஓரத்தை மூடறதுக்குத்தான், பளபளப்பு ரெண்டாம்பட்சம். இன்னொரு லாபமும் இருக்கு, கருமருந்து மோட்டாரோட கரி ஃபின் (வால் இறக்கை) பக்கமும் நோஸ் கோன் (முன்பக்கக் கூம்பு) பக்கமும் படியும் இல்லையா, கிளியர் இருந்தா ஈரத்துணியால துடைச்சாலே போயிடும்.

ஸ்டிக்கர் மாதிரி உரிச்சு ஒட்டற தடிமனான வினைல்னா விருப்பம்தான், அடிக்காம விட்டாலும் தாங்கும்.

கேள்வி: கிளியர் அடிச்ச ரெண்டு நிமிஷத்துல டெக்கால் அப்படியே சுருங்கி நெளிஞ்சுபோச்சு சார். கேன்ல லாக்கர்னு போட்டிருந்தது. அதான் காரணமா?

இருக்கலாம், லாக்கர்னா சீக்கிரம் ஆவியாகற கடுமையான சால்வென்ட் (கரைப்பான்) கலந்த பூச்சு. ஆனா லாக்கர்னு சொல்லி மட்டும் ஒதுக்கிடாதீங்க. முதல்ல சுருக்கம் எங்க இருக்குன்னு உத்துப்பாருங்க. டெக்காலோட எல்லைக்குள்ள மட்டும் நெளிஞ்சிருந்தா சால்வென்ட் ஃபிலிமைத் தின்னிருக்குன்னு அர்த்தம், முதல் கோட்டே ஈரம் சொட்டற அளவுக்கு விழுந்திருக்கும். டெக்காலைத் தாண்டி சுத்தி இருக்கற பெயிண்டும் முதலைத்தோல் மாதிரி வெடிச்சிருந்தா பிரச்சனை அடியில, எனாமல் (மெதுவா காயற எண்ணெய் வகை) பெயிண்ட் மேல லாக்கர் கிளியர் போயிருக்கு. லாக்கர் மேல எனாமல் போகலாம், ஆனா சரியா காயாத எனாமல் மேல லாக்கர் போனா தூக்கிடும்.

வழி ஒண்ணுதான், முதல் ரெண்டு மூணு கோட்டும் வெறும் பனி படிஞ்ச மாதிரி இருக்கணும். கேனை 25, 30 செ.மீ. தள்ளிப் பிடிச்சு, ராக்கெட்டுக்கு வெளியவே ஸ்ப்ரேயை ஆரம்பிச்சு குறுக்கால வேகமா ஓட்டி அந்தப்பக்கம் வெளிய போயி நிறுத்துங்க. பார்த்தா ஒண்ணுமே அடிக்காத மாதிரி சொரசொரன்னு மங்கலாத்தான் தெரியும், அதைப் பார்த்து மனசு கேக்காம இன்னொரு தடவை அங்கேயே அடிக்கறாங்க பாருங்க, அங்கதான் கெடுது. பத்து நிமிஷம் விட்டு இன்னொண்ணு, திரும்ப இன்னொண்ணு. இந்த மெல்லிசு கோட் எல்லாம் சேர்ந்து ஒரு தோல் மாதிரி ஆனப்புறம்தான் கொஞ்சம் ஈரமான கோட். அதுக்கும் முன்னாடி, அதே பெயிண்ட், அதே டெக்கால் ஷீட்ல வேண்டாத ஒரு துண்டு, அதே கிளியர், மூணையும் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன்ல போட்டு ஒரு ராத்திரி விட்டுப்பாருங்க. ஒரே கம்பெனி பெயிண்டும் கிளியருமா வாங்கினாக்கூட இதைச் செய்யுங்க, ஃபார்முலா அப்பப்ப மாறுது.

கெட்டுப்போனதை ஈரமா இருக்கறப்ப தொடவே தொடாதீங்க. முழுசா காயவிட்டு, தேய்ச்சு எடுத்துட்டு புது டெக்கால்தான்.

கேள்வி: ஒட்டினப்புறம் எத்தனை மணிநேரம் விடணும்?

ஒரு நாள் முழுசா. அதுக்கு முன்னாடி அடியில ஈரம் இருக்கும். காய்ஞ்சதும் சுத்தமான ஈரத்துணியால மெதுவா ஒத்தி ஒத்தி எடுங்க, டெக்காலைச் சுத்தி வழிஞ்ச பசை காய்ஞ்சா பழுப்பா கறை தெரியும், அது மேல கிளியர் போயிடுச்சுன்னா அப்புறம் எடுக்கவே முடியாது. விரல் எண்ணெயும் இதுலயே போயிடும்.

கேள்வி: டெக்காலோட ட்ரான்ஸ்பரன்ட் பகுதி வெள்ளி மாதிரி மின்னுது. கிளியர் அடிச்சா மறையுமா?

மறையாதுங்க. அது ஃபிலிமுக்கு அடியில மாட்டின காத்து. மேட் (பளபளப்பில்லாத) பெயிண்ட் கிட்ட பார்த்தா மேடுபள்ளமா இருக்கும், ஃபிலிம் அந்தப் பள்ளத்துக்குள்ள இறங்காம பாலம் மாதிரி மேலயே நிக்கும். அதனால டெக்காலுக்கு முன்னாடியே ஒரு க்ளாஸ் (பளபளப்பான) கிளியர் கோட் அடிச்சு மேற்பரப்பை வழவழப்பாக்கிடணும். ஏற்கெனவே வந்துடுச்சுன்னா மெல்லிய ஊசியால அங்கங்க குத்தி மைக்ரோ சால் மாதிரி டெக்காலை இளக்கற திரவத்தை ஒரு சொட்டு விடுங்க. ஃபிலிம் இளகி முதல்ல நெளியும், பயப்படாதீங்க, கை வைக்காம விட்டா தானா படிஞ்சுடும். இதெல்லாம் கிளியருக்கு முன்னாடி செய்யற வேலை.

கேள்வி: நானே இங்க்ஜெட்ல டெக்கால் பிரிண்ட் பண்ணினேன், தண்ணியில போட்டதும் கலர் கரைஞ்சுபோச்சு.

இங்க்ஜெட் மை பெரும்பாலும் தண்ணியில கரையும்மா, அதனால பிரிண்ட் காய்ஞ்சதும் ஷீட்டுக்கே ரெண்டு மூணு மெல்லிசு கோட் கிளியர் அடிச்சு, அது காய்ஞ்சப்புறம்தான் தண்ணியில போடணும். வெட்டறப்ப படத்தோட ஓரத்தை ஒட்டி வெட்டாம ஒரு மில்லிமீட்டராவது விடுங்க, ஒட்டி வெட்டினா அந்த வெட்டு வாய் வழியா தண்ணி மைக்குள்ள போயிடும். லேசர் பிரிண்ட்ல கரையற தொல்லை இல்ல. வெள்ளை கலர் ரெண்டுலயுமே வராது, அதுக்கு வெள்ளை டெக்கால் பேப்பர் வாங்கணும்.

கேள்வி: அடிச்சது காயக்காய பால் மாதிரி வெளுத்துபோச்சே!

காத்துல ஈரம் ஜாஸ்தி. சால்வென்ட் ஆவியாகறப்ப மேற்பரப்பு குளிர்ந்து, காத்துல இருக்கற ஈரம் பூச்சுக்குள்ள மாட்டிக்குது. மழை நாள்ல, சாயங்காலம் பனி இறங்கற நேரத்துல அடிக்காதீங்க. லாக்கரா இருந்தா வெயில் நல்லா இருக்கற வறண்ட நாள் பார்த்து அதே கிளியரை லேசா ஒரு கோட் அடிங்க, பூச்சு இளகி ஈரம் வெளிய போயி பெரும்பாலும் தெளிஞ்சிடும்.

கேள்வி: வெள்ளை ராக்கெட், மஞ்சளாகிடுமோன்னு பயமா இருக்கு.

எண்ணெய் சார்ந்த எனாமல் கிளியர், எண்ணெய் சார்ந்த பாலியூரித்தேன் ரெண்டும் நாளாக ஆக மஞ்சளாகும். வெள்ளைக்கு அக்ரிலிக் கிளியர், அதுலயும் புற ஊதா தடுப்பு உள்ளதைப் பாருங்க. ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு அடிச்சவங்களுக்கும் இதே பதில்தான், அந்தக் கலர் வெயில்ல சீக்கிரம் வெளிறும். குரோம் பெயிண்ட் மேல மட்டும் அடிக்காதீங்க, கண்ணாடி மாதிரி இருந்தது சாம்பல் ஆயிடும்.

கேள்வி: 1:100 அளவுல சாட்டர்ன் 5 (நிலவுக்கு ஆள் அனுப்பின ராக்கெட்) மாடல் பண்றேன். க்ளாஸா மேட்டா?

ஸ்கேல் மாடல்னா கடைசி கோட் மேட் இல்லன்னா செமி க்ளாஸ், பளபளன்னு இருந்தா பொம்மை மாதிரி தெரியும். ஆனா வரிசை முக்கியம்: பெயிண்ட், க்ளாஸ் கிளியர், டெக்கால், அப்புறம் மேட். மேட் கேனை நல்லா குலுக்குங்க, குலுக்கல் பத்தலன்னா திட்டுத்திட்டா வெளுக்கும்.

கேள்வி: கோட் ஏறஏற எடை கூடுமே, ராக்கெட் பறக்கறதுல வித்தியாசம் வருமா?

இதைக் கேட்டதுக்கு ரொம்ப சந்தோஷம், யாரும் யோசிக்கறதே இல்ல. உயரம் கொஞ்சம் குறையறது பரவாயில்ல, எடை எங்க ஏறுதுங்கறதுதான் விஷயம். ஃபின் ரெண்டு பக்கமும் பூச்சு வாங்குது, அது பின்னாடி முனையில இருக்கு. 40 கிராம் ராக்கெட்னு வைங்க, ஈர்ப்பு மையத்துக்கு (ராக்கெட் பேலன்ஸாகி நிக்கற புள்ளி) 15 செ.மீ. பின்னாடி ப்ரைமர், பெயிண்ட், கிளியர் எல்லாம் சேர்ந்து 3 கிராம் ஏறினா மையம் 1 செ.மீ.க்கு மேல பின்னாடி நகருது. நேரா பறக்கணும்னா ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்கு (காத்தோட விசை மொத்தமா செயல்படற புள்ளி) முன்னாடி குறைஞ்சது ஒரு குழாய் விட்டம் இருக்கணும்ங்கறது விதி, 25 மி.மீ. குழாய்ல 1 செ.மீ. போனா மீதி எவ்வளவுன்னு பாருங்க. அதனால முடிச்சதும் மோட்டார் போட்டு திரும்ப பேலன்ஸ் பண்ணிப் பாருங்க. பத்தலன்னா நோஸ் கோனுக்குள்ள களிமண் வைங்க. ஃபினுக்கு ப்ரஷ்ஷால அடிக்காம ஸ்ப்ரேயில மெல்லிசா முடிச்சாலே பாதி கவலை போயிடும்.

கேள்வி: கார் பெயிண்டர் டூ கே கிளியர் (ஹார்டனர்ங்கற இறுக்கியைக் கலந்து அடிக்கற வகை) அடிக்கச் சொல்றார்.

கெட்டியா, அருமையா வரும். ஆனா அதோட ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, மூச்சுல போனா ஆஸ்துமா வரவைக்கும், வந்தா வாழ்நாள் முழுக்க. துணி மாஸ்க் எல்லாம் ஆகாது. தகுந்த சுவாசக் கருவியும் ஸ்ப்ரே பூத்தும் இல்லாதவங்க தொடவேண்டாம், இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

கேள்வி: அடிக்கறதுக்கு முன்னாடி எதையெல்லாம் மூடணும்?

நோஸ் கோனோட உள்ள போற கழுத்து, கப்ளர் (குழாய்களை இணைக்கற உள்குழாய்), மோட்டார் குழாயோட உள்பக்கம், லாஞ்ச் லக்கோட (ஏவற ராடுல மாட்டற சின்னக் குழாய்) ரெண்டு வாயும். கழுத்துல கிளியர் ஏறினா நோஸ் கோன் இறுகி பாராசூட் வெளிய வராது, லக்குக்குள்ள ஏறினா ராடுல மாட்டும். லக்குக்குள்ள பேப்பரைச் சுருட்டிச் சொருகுங்க போதும்.

கேள்வி: அடிச்சு எத்தனை நாள்ல பறக்கவிடலாம்?

லாக்கர்னா ரெண்டு நாள், எனாமல்னா ஒரு வாரம். மூக்கைக் கிட்ட வெச்சுப்பாருங்க, தின்னர் வாசம் வந்தா இன்னும் காயல. வாசம் இருக்கறப்ப பபுள் ராப்ல சுத்தி பெட்டிக்குள்ள வெச்சீங்கன்னா அந்த குமிழி அச்சு அப்படியே கிளியர்ல பதிஞ்சிடும். மெழுகு பாலிஷ் போடணும்னா அதெல்லாம் கடைசியில, நல்லா காய்ஞ்சப்புறம். மெழுகுக்கு மேல திரும்ப கிளியர் ஒட்டாது.