இன்குபேட்டரில் இருக்கும் பிள்ளை அம்மாவிடம் ஒட்டுமா?

உங்கள் தங்கை மண்டபத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ராமநாதபுரம் போய், ஆஸ்பத்திரியில் இன்குபேட்டரில், அதாவது உடம்புச் சூட்டைக் காக்கும் பெட்டியில் இருக்கும் தன் குறைமாதக் குழந்தையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வருகிறாள். பிள்ளை ஒட்டுமா என்கிறீர்கள். ஒட்டும். ஆனால் பார்த்தால் மட்டும் போதாது, தொட வேண்டும்.

'கங்காரு பராமரிப்பு' எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்ட குழந்தையை அம்மாவின் வெறும் நெஞ்சில் நிமிர்த்திச் சாய்த்துத் துணியால் கட்டுவார்கள். 1978இல் கொலம்பியாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையில் பிறந்த வழி இது. இப்போது உலக சுகாதார நிறுவனமே நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை பரிந்துரைக்கிறது. குழந்தையின் சூடு குறையாது. அம்மாவுக்குப் பாலும் ஊறும். மீன்பிடிக்கக் கடலுக்குப் போகாத நாளில் அப்பாவும் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொள்ளலாம்!

வெளியே எடுக்க முடியாத நிலையா? சரி, கையை நன்றாகக் கழுவி, தலையிலும் பாதத்திலும் உள்ளங்கையை அசையாமல் வைத்திருக்கட்டும். தடவ வேண்டாம், அது குறைமாதப் பிள்ளைக்குத் தொந்தரவு. அப்புறம், சீம்பால் சில சொட்டுதான் வந்தாலும் பீய்ச்சி நர்ஸிடம் கொடுக்கட்டும்.