வாசகர் கேள்வி – பதில்: எப்சம் உப்பில் வீடு துலக்கலாமா?

கேள்வி: மாடித் தோட்டத்துக்கு வாங்கிய எப்சம் உப்பு மீதம் இருக்கிறது. தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் குளியலறை டைல்ஸில் உள்ள வெள்ளைக் கறை போய்விடும் என்றார்கள். தெளித்துப் பார்த்தும் அப்படியே இருக்கிறதே? – வாசகி, திருப்பூர்

பதில்: எத்தனை முறை தெளித்தாலும் போகாது. போர்வெல் தண்ணீர் விட்டுப்போகும் அந்தப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைக் கரைக்க அமிலம் வேண்டும். எப்சம் உப்பு என்கிற மெக்னீசியம் சல்பேட்டில் அமிலத்தன்மை இல்லை என்றே சொல்லலாம். தண்ணீரைக் கடினமாக்குவதே கால்சியமும் மெக்னீசியமும்தான். தெளித்ததைக் கழுவாமல் காயவிட்டால், பழைய கறைக்கு மேல் புதிய வெள்ளைப் பூச்சு ஏறும்.

கறைக்கு, அரை லிட்டர் வெந்நீரில் 2 மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரையுங்கள். டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்ட்டை முதலில் தண்ணீரால் நனைத்துவிட்டு, கரைசலில் தோய்த்த துணியைக் கறைமேல் 15 நிமிடம் ஒட்டிவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். மார்பிள், மொசைக், கடப்பா கல் பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம். அந்தக் கல்லிலேயே கால்சியம் கார்பனேட் இருப்பதால் பளபளப்பு அரித்துப்போகும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்திலும் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

எப்சம் உப்பு உதவுவது கரையாமல் இருக்கும்போதுதான். அதன் பரல் கண்ணாடியையும் டைல்ஸ் மேற்பூச்சையும்விட மிருது. அதனால் கீறாமல் அழுக்கை உரசி எடுக்கும். 2 மேசைக்கரண்டி உப்பில் 1 தேக்கரண்டி பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டுப் பிசறுங்கள், தண்ணீர் சேர்க்காதீர்கள். 100 மி.லி. தண்ணீர் 100 கிராமுக்கு மேல் இந்த உப்பைக் கரைத்துவிடும் என்பதால், ஈரமான டைல்ஸில் போட்டால் தேய்ப்பதற்குள் பரல் காணாமல் போகும். துடைத்துக் காய்ந்த இடத்தில் போட்டு, ஸ்பாஞ்சால் வட்டமாகத் தேய்த்து, நிறைய தண்ணீர் விட்டு அலசுங்கள். சிமென்ட் இடுக்கில் இது தங்கக் கூடாது. சல்பேட் நாளடைவில் சிமென்ட்டை அரிக்கும்.

அடிப்பிடித்த எவர்சில்வர் பாத்திரத்துக்கும் இதே கலவை நல்லது. முதலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் கருகலை இளக்கி, வடித்துத் துடைத்த பிறகு தேயுங்கள். சமையல் உப்பில் உள்ள குளோரைடு ஈரத்தோடு தங்கினால் எவர்சில்வரில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழும். எப்சம் உப்பில் குளோரைடு இல்லை. நான்ஸ்டிக், பிளாஸ்டிக், அக்ரிலிக் மூன்றுக்கும் வேண்டாம்.

கேள்வி: லிக்விடுக்குப் பதில் சோப்பு, சலவை சோடா சேர்க்கலாமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டும் வேண்டாம். எண்ணெயில் செய்த சோப்பு மெக்னீசியத்தோடு சேர்ந்தால் நுரைக்காமல் திரிந்து பிசுக்காகும். சலவை சோடா சேர்ந்தால் தண்ணீரில் கரையாத வெள்ளைப் பொடியாகப் படியும். சோடா போட்டுக் கொதிக்கவைத்த பாத்திரம் என்றால், நன்றாக அலசிவிட்டு அப்புறம் உப்பைத் தொடுங்கள்.

கேள்வி: வாஷிங் மெஷினில் கடைசி அலசலில் போட்டால் துணி மிருதுவாகுமாமே? – வாசகி, சேலம்

பதில்: ஆகாது. கடினநீரில் அலசிய துணிபோல விறைக்கும்.

கேள்வி: உரக்கடையில் வாங்கியது, மருந்துக்கடையில் வாங்கியது, எது நல்லது? – வாசகர், நாகர்கோவில்

பதில்: துலக்குவதற்கு உரக்கடை உப்பே போதும். ஆனால் அது உள்ளே சாப்பிடத் தகுந்த சுத்தம் கிடையாது. பார்க்கச் சர்க்கரை மாதிரியே இருக்கும், வயிற்றுக்குள் போனால் பேதியாகும். பெயர் எழுதி ஒட்டி, சமையலறைக்கு வெளியே, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இதன் எடையில் பாதி தண்ணீர்தான். வறண்ட காற்றில் திறந்து கிடந்தால் அந்தத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பரல் மாவாக உதிரும். அப்புறம் தேய்க்க உதவாது, செடிக்குப் போட்டுவிடுங்கள்.