மாற்று எரிபொருளுக்கு மக்கள் மாறாததுக்கு விழிப்புணர்வு இல்லாததுதான் காரணமா?

எத்தனால், கேஸ், ஹைட்ரஜன், கரண்ட்னு இத்தனை வழி இருந்தும் சாதாரண கார்க்காரங்க பெட்ரோல் டீசலையே புடிச்சுக்கிட்டு இருக்காங்களே, விழிப்புணர்வு பத்தலையான்னு கேட்டிருக்கீங்க. அநேகமா நீங்களே அடுத்த கார் எது வாங்கலாம்னு யோசிச்சுட்டு இருப்பீங்க, வீட்ல ஒருத்தர் வேணாம்னு ஒத்தக் கால்ல நிப்பாங்க, ஆபீஸ்ல நாலு பேர் நாலு விதமா பயமுறுத்தியிருப்பாங்க.

நான் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேன், ரொம்ப வருஷமா ஃப்யூயல் சிஸ்டம் வேலைதான் அதிகம் பாக்கறேன். என்கிட்ட வர்றவங்களுக்கு விழிப்புணர்வுக்கெல்லாம் ஒரு குறையும் இல்லீங்க. எந்த வண்டி எவ்ளோ புகை விடும்னு எனக்கே பாடம் எடுப்பாங்க. அவங்க எல்லாரும் கடைசியா கேக்கறது, "ஏதாவது ஆச்சுன்னா யாருங்க பாத்துப்பாங்க?" இதுக்கு மட்டும் யாருகிட்டயும் பதில் இல்ல. என்னைக் கேட்டா பெரிய தடையே அதுதான்.

ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருத்தங்க என் ரெகுலர் கஸ்டமர். எத்தனால் கலந்த பெட்ரோல் போடலாம்னு கம்பெனியே டேங்க் மூடியில ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்த வண்டி அவங்களோடது. நல்லா மழை பேஞ்சு ஓஞ்ச சமயத்துல பங்க்ல ஃபுல் டேங்க் போட்டிருக்காங்க, கொஞ்ச தூரம் போனதும் வண்டி திக்கித் திணறி நடு ரோட்ல நின்னுடுச்சு. டோ பண்ணிக் கொண்டு வந்தாங்க. டேங்க்ல இருந்து எடுத்து கண்ணாடி பாட்டில்ல ஊத்தி வெச்சா கொஞ்ச நேரத்துல ரெண்டு லேயரா பிரிஞ்சு நிக்குது, மேல பெட்ரோல், கீழ தண்ணியும் எத்தனாலும் கலந்த ஒண்ணு. வெறும் பெட்ரோல்ல கொஞ்சம் தண்ணி போனா அந்தத் தண்ணி மட்டும் அடியில தங்கும், வடிச்சு எடுத்துடலாம். எத்தனாலுக்கு தண்ணின்னா அவ்ளோ இஷ்டம், ஓரளவு வரைக்கும் தன்கூடவே கரைச்சு வெச்சுக்கும், அளவு தாண்டினா பெட்ரோலை விட்டுட்டு தண்ணியோட சேந்து மொத்தமா கீழ இறங்கிடும். ஃப்யூயல் பம்ப் உறிஞ்சறதே டேங்கோட அடியிலதானே. பம்ப்பு, ஃபில்டர், இன்ஜெக்டர் எல்லாம் வேலை வெச்சுடுச்சு. மேல இருக்கற பெட்ரோலை மட்டும் எடுத்துப் போடலாமேன்னு கேப்பீங்க, எத்தனால் பிரிஞ்சு போனதால அதுலயும் ஆக்டேன், அதாவது நேரத்துக்கு முன்னாடி தானா வெடிக்காம தாங்கற தன்மை, குறைஞ்சிருக்கும், போட்டா இன்ஜின் டக் டக்னு நாக் அடிக்கும்.

இதுவரைக்கும் வந்ததெல்லாம் டெக்னிக்கல் பிரச்சினை, சரி பண்ணிடலாம். அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறல. பங்க்ல போய்க் கேட்டா "எங்க டேங்க்ல டெய்லி தண்ணி செக் பண்றோம்மா, ரெஜிஸ்டர் வேணா பாருங்க"ன்னுட்டாங்க. சர்வீஸ் சென்டர்ல "கலப்பட எரிபொருளால வந்த கோளாறு, வாரண்டியில வராது." இன்சூரன்ஸ்ல "இது ஆக்சிடென்ட்டே இல்லையே மேடம்." மூணு பேரும் மரியாதையாத்தான் பேசினாங்க, மூணு பேருகிட்டயும் ரூல் புக் இருந்துச்சு. நான் பாட்டிலை சீல் வெச்சு லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுத்தேன், அதை வாங்கிக்கக்கூட ஆள் இல்ல. டீச்சரம்மா கைக்காசுலதான் எல்லாம் மாத்தினாங்க. பில்லைப் பாத்துட்டு, "தம்பி, அவங்க என்ன போடச் சொன்னாங்களோ அதைத்தானே போட்டேன், நான் என்ன தப்புப்பா பண்ணேன்?"னு கேட்டாங்க. அவங்கள மாதிரி ஒருத்தங்ககிட்ட போய் விழிப்புணர்வு இல்லன்னு சொல்ல முடியுமா?

உடனே எத்தனாலுக்கு எதிரி, பெட்ரோல் கம்பெனிக்கு ஆளுன்னு கிளம்பிடாதீங்க. எத்தனால் நல்ல எரிபொருள்தான், ஆக்டேன் பெட்ரோலை விட அதிகம். அதுக்கு ஏத்த மாதிரி ஓ ரிங்கு (கசியாம அடைக்கற ரப்பர் வளையம்), ஹோஸு, பம்ப்பு, டியூனிங் எல்லாம் குடுத்து செஞ்ச வண்டியில ஜம்முனு ஓடும். ஆனா ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமார் 32 மெகாஜூல் சக்தி இருக்குன்னா எத்தனால்ல சுமார் 21தான், அதனால அளவு கூடக்கூட மைலேஜ் இறங்கத்தான் செய்யும், அதை முன்னாடியே நேரா சொல்லிட்டா ஜனங்க ஏத்துப்பாங்க. நான் கேக்கறது, பழைய வண்டியில எத்தனால்ல ரப்பர் ஊறி உப்பிப் போனா அந்த செலவு யாரோடதுன்னு மட்டும்தான்.

பிரேசில்ல நடந்ததைப் பாருங்க. எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் 1975ல அரசாங்கமே கரும்பு எத்தனால் திட்டம் ஆரம்பிச்சாங்க, 1979ல எத்தனால்ல மட்டும் ஓடற காரே வந்துடுச்சு. 80கள் நடுவுல அங்க வித்த புதுக் கார் பத்துல ஒம்போது எத்தனால் வண்டி. ஜனங்க மாற மாட்டாங்கன்னு யார் சொன்னது? அப்புறம் கச்சா எண்ணெய் விலை இறங்குச்சு, சர்க்கரை விலை ஏறுச்சு, ஆலைக்காரங்க சர்க்கரை பக்கம் போயிட்டாங்க, 1989 வாக்குல எத்தனாலுக்கே தட்டுப்பாடு, பங்க்ல க்யூ. அரசாங்கத்தை நம்பி வாங்கினவன் வண்டியில வேற எதையும் ஊத்தவும் முடியாது. அதோட அந்தக் காருங்க விற்பனை படுத்துடுச்சு. திரும்ப எப்போ எழுந்துச்சுன்னா 2003ல, ரெண்டையும் எந்த அளவுல வேணா கலந்து ஊத்திக்கலாம்ங்கற ஃப்ளெக்ஸ் கார் வந்த பிறகு. அங்க இப்ப டிரைவர் பங்க்ல நின்னு, எத்தனால் விலை பெட்ரோல் விலைல 70 சதவீதத்துக்குக் கீழ இருந்தா எத்தனால், இல்லன்னா பெட்ரோல்னு கணக்குப் போட்டு ஊத்தறாரு. ஜனங்க அதே ஜனங்கதான், தட்டுப்பாடு வந்தா நடு ரோட்ல நிக்கணுமேங்கற பயம் போச்சு, அவ்ளோதான்.

நியூசிலாந்துலயும் 1979ல அரசாங்கம் மானியம், கடன் எல்லாம் குடுத்து சிஎன்ஜிக்கு, அதாவது அழுத்தி அடைச்ச இயற்கை எரிவாயுவுக்கு, மாத்தச் சொன்னாங்க, 80கள்லயே 1 லட்சம் வண்டிக்கு மேல மாறிடுச்சு. சலுகையை எடுத்தாங்க, எல்லாம் சரிஞ்சு போச்சு. கிட் மாட்டினவன் டிக்கியில பாதி இடத்தை சிலிண்டருக்குக் குடுத்துட்டு நின்னதுதான் மிச்சம்.

ஹைட்ரஜனைப் பத்தி நிறைய பேர் கனவா எழுதறாங்க. கிலோவுக்கு 120 மெகாஜூல், எடையில பாத்தா அதை அடிச்சுக்க ஆளே இல்ல. ஆனா காருக்குள்ள அடைக்கணும்னா 700 பார் அழுத்தம், அதாவது சாதாரண காத்தழுத்தத்தை மாதிரி சுமார் 700 மடங்கு வேணும், அதுக்குன்னு தனி டேங்க், தனி பங்க். கலிபோர்னியாவுல கார்களுக்கு வெச்சிருந்த ஹைட்ரஜன் பங்குகளை 2024ல ஷெல் மூடிட்டாங்க. அதை நம்பி கார் வாங்கினவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

பங்க் இல்லாததுதான் பிரச்சினை, அது காலப்போக்குல சரியாயிடும், 1888ல பெர்த்தா பென்ஸ் முதல் நீளப் பயணம் போனப்ப ஜெர்மனியில ஒரு மருந்துக் கடையிலதான் எரிபொருள் வாங்கினாங்க, பெட்ரோலும் அப்படித்தானே ஆரம்பிச்சுச்சுன்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்வாரு. சரிங்க, ஆனா அந்தம்மா கார் கண்டுபிடிச்சவரோட சம்சாரம், வண்டி நின்னா அவங்களே இறங்கி ரிப்பேர் பாத்தாங்க. காலையில புள்ளைங்கள ஸ்கூல்ல விட்டுட்டு வேலைக்கு ஓடறவன்கிட்ட அதை எதிர்பாக்கறது நியாயமா?

எலக்ட்ரிக் பத்தி எனக்கு அவ்ளோவா குறை இல்ல, வீட்ல சொந்தமா பார்க்கிங்கும் பிளக் பாயின்ட்டும் இருந்தா தாராளமா வாங்கலாம். அபார்ட்மென்ட்ல, வாடகை வீட்ல இருக்கறவனுக்கு சார்ஜர் வெக்க யார்கிட்ட கையெழுத்து வாங்கறதுன்னே தெரியாது. அதுவும் டெக்னாலஜி பிரச்சினை இல்லையே.

இடையில ஒண்ணு சொல்லிக்கறேன், கேள்விக்கு சம்பந்தம் இல்லதான். மெக்கானிக்னாலே ஏமாத்துக்காரன்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அது ரொம்ப வலிக்குது. வண்டி சத்தத்தை ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி ராத்திரி பத்து மணிக்கு அனுப்பி "என்னன்னு சொல்லுங்க அண்ணே"ன்னு கேக்கறாங்க, நானும் உக்காந்து கேட்டு பொறுமையா பதில் சொல்றேன், ஒரு பைசா வாங்கறதில்ல, காலையில வண்டியை வேற எங்கயோ விட்டுட்டு அங்க சொன்னது சரியான்னு திரும்பவும் எனக்கே ஃபோன். இருபது நிமிஷம் உக்காந்து கோளாறு கண்டுபிடிக்கறதும் வேலைதாங்க. டாக்டர்கிட்ட மாத்திரை வாங்கலன்னாலும் ஃபீஸ் குடுக்கறோம்ல?

சரி, உங்க விஷயத்துக்கு வரேன். மாறணும்னு நெனச்சா மாறுங்க, நான் தடுக்கல. எரிபொருளால கோளாறு வந்தா வாரண்டி உண்டா இல்லையான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கம்பெனிகிட்ட எழுத்துல கேளுங்க, வாயால சொல்றதை நம்பாதீங்க. எத்தனை சதவீதம் கலந்தது போடலாம்னு மேனுவல்ல இருக்கும், பாருங்க. பங்க் ரசீதைத் தூக்கிப் போடாதீங்க. போட்ட உடனே வண்டி திணறினா திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாம நிறுத்திட்டு, டேங்க்ல இருந்து சாம்பிள் எடுக்கும்போது பங்க் ஆளையும் பக்கத்துல நிக்க வெச்சு எடுக்கச் சொல்லுங்க, டீச்சரம்மா விஷயத்துல அது ஒண்ணு இருந்திருந்தா பேச்சே வேற மாதிரி போயிருக்கும். கேஸ் கிட் மாட்டின செகண்ட் ஹேண்ட் வண்டின்னா சிலிண்டர் டெஸ்ட் பண்ண தேதி அதுலயே பொறிச்சிருக்கும், அதைப் படிக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.