பின்னால் வந்த கார் இடித்தது, இனி என்ன செய்வது?

தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ரொறன்ரோவுக்கு வந்து எட்டு மாதம். மூன்று கிழமைக்கு முன் சிநேகிதரின் காரில் போகும்போது, சிவப்பு விளக்கில் நின்ற உங்களைப் பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். கழுத்தும் இடுப்பும் நோகிறது, வேர்ஹவுஸ் வேலைக்குப் போக முடியவில்லை. சிநேகிதர் தன் இன்சூரன்ஸ் ஏறிவிடும், ஒன்றும் கேட்காதே என்கிறார். இடிபட்ட காரை இழுத்துப்போக டோ ட்ரக் ஓட்டி வந்தவரோ ஒரு கார்டைத் தந்து, "ஐம்பதாயிரம் எடுத்துத் தருவார்கள்" என்கிறார். அகதி வழக்கு முடியாத நேரத்தில் இதில் இறங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் அந்தப் பயத்தைத் தள்ளி வைத்துவிடுங்கள். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் காரில் அடிபட்டவருக்குக் கிடைக்கும் உதவிக்கும் குடிவரவு நிலைக்கும் தொடர்பு கிடையாது. அகதிக் கோரிக்கையாளர், மாணவர், விசிட்டர் யாராக இருந்தாலும் கேட்கலாம். அது தருமமும் இல்லை, இன்சூரன்ஸ் பொலிசிக்குக் கட்டிய காசுக்கு வருவது.

அடுத்தது, இங்கே இருப்பது ஒரு வழக்கு அல்ல, இரண்டு. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, யாரில் பிழை என்று பார்க்காமல் இன்சூரன்ஸ் கொம்பனி தருகிற 'அக்சிடென்ட் பெனிஃபிட்ஸ்'. மற்றது, பிழை விட்ட சாரதிமேல் போடுகிற நட்டஈட்டு வழக்கு. முதலாவதை இப்போதே தொடங்க வேண்டும். இரண்டாவதை யோசித்துச் செய்யலாம்.

முதலாவது வழியில் உங்களுக்குச் சொந்தப் பொலிசி இருந்தால் அதிலே கேட்பீர்கள், மனைவியின் பெயரில் இருந்தால் அதிலே. இரண்டும் இல்லாதபடியால் நீங்கள் இருந்து போன காரின் கொம்பனியிடம், அதாவது சிநேகிதரின் கொம்பனியிடம் கேட்க வேண்டும். அவர் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் நின்ற காரைப் பின்னால் வந்து இடித்தால், இங்கேயுள்ள பிழை தீர்மானிக்கும் விதிகளின்படி பிழை பின்னால் வந்தவருடையது. தன்மேல் பிழை இல்லாத விபத்துக்காக அவருடைய பிரீமியத்தை ஏற்றச் சட்டம் விடாது. இதை அவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். பழக்கத்தை முறித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அவருடைய பயத்துக்காக உங்கள் இடுப்பை விட்டுக்கொடுக்கவும் வேண்டாம்.

விபத்து நடந்து ஏழு நாளுக்குள் கொம்பனிக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு மூன்று கிழமை ஆகிவிட்டது. அதற்காக எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நியாயமான காரணம் இருந்தால் பிந்தியதை ஏற்கலாம் என்று அந்த விதிமுறையிலேயே இடம் இருக்கிறது. புதிதாக வந்தவன், இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பது உண்மையான காரணம்தானே. அறிவித்தவுடன் அவர்கள் ஓ.சி.எஃப். 1 என்ற விண்ணப்பத்தை அனுப்புவார்கள். அது கையில் கிடைத்து 30 நாளுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போக முடியாததற்கு ஓ.சி.எஃப். 3 என்ற படிவத்தை டொக்டர் நிரப்புவார், சம்பள விபரத்துக்கு ஓ.சி.எஃப். 2 வேலைத்தலத்துக்குப் போகும்.

சம்பளம் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். பாதி செக்கிலும் பாதி கையிலும் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். வருமான இழப்புக்குக் கொடுப்பது வரிக்கு முந்திய கிழமைச் சம்பளத்தின் 70 வீதம், கட்டாயப் பொலிசியில் ஆகக்கூடியது 400 டொலர், முதல் கிழமைக்கு ஒன்றும் இல்லை. வருமான வரிக்குக் காட்டாத காசு கணக்கில் வராது. செக்கில் 500 வந்தால் 350 கிடைக்கும், கையில் வாங்கிய மிச்சம் காற்றோடு போயிற்று. நானும் வந்த புதிதில் ஒரு உணவகத்தில் கையில்தான் வாங்கினேன், வரி மிச்சம் என்று சந்தோஷமாகவும் இருந்தேன். அடிபட்டுப் படுத்த பிறகுதான் அந்த மிச்சத்தின் விலை தெரிந்தது.

இன்னொன்று: 2026 ஜூலை 1 இலிருந்து எடுக்கிற அல்லது புதுப்பிக்கிற பொலிசிகளில் மருத்துவம், மறுவாழ்வு, பராமரிப்பு மட்டும்தான் கட்டாயம். வருமான இழப்பு விரும்பினால் காசு கட்டிச் சேர்ப்பது என்று ஆகிவிட்டது. ஆகவே சிநேகிதரின் பொலிசி எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று கேளுங்கள்.

வைத்தியத்துக்கு வருவோம். கழுத்துச் சுளுக்கு, தசைப்பிடிப்பு, கண்டல் இவற்றையெல்லாம் 'மைனர் இஞ்சரி' என்று ஒரு பெட்டிக்குள் போடுவார்கள். அந்தப் பெட்டிக்கு 3,500 டொலர்தான் எல்லை. ஃபிசியோ, மசாஜ், பரிசோதனை எல்லாம் அதற்குள். அதைவிடப் பாரமான காயம் என்று வைத்திய ஆதாரத்தோடு காட்டினால் 65,000 வரை போகும், மிகக் கடுமையான காயங்களுக்குப் பத்து இலட்சம்.

2014 மாசியில் பனியில் வழுக்கி வந்த கார் என்னை இடித்தபோது, தெரிந்த ஒருவர் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். வரவேற்பில் இருந்த பிள்ளை தமிழில் கதைத்தது, தேத்தண்ணி தந்தது, வெறும் படிவங்கள் நாலைந்தை நீட்டி "அண்ணை, கையெழுத்தை மட்டும் வையுங்கோ, மிச்சத்தை நாங்கள் பார்ப்பம்" என்றது. வைத்தேன். இரண்டு மாதத்தில் கொம்பனியிலிருந்து கடிதம் வந்தது, 3,500 முடிந்துவிட்டது என்று. நான் போனது ஏழு தரம். அவர்கள் கணக்கில் இருபதுக்கு மேல். அதன்பிறகு என் தோளுக்கு என் சொந்தக் காசில்தான் வைத்தியம் பார்த்தேன். வெறும் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். போகிற ஒவ்வொரு நாளையும் ஃபோனில் குறித்து வையுங்கள். காரில் இல்லாத ஒருவரை இருந்ததாகச் சேர்ப்போம் என்று யாராவது கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். அது மோசடி. நான் மேலே சொன்ன குடிவரவுப் பயம் அங்கேதான் உண்மையாகும்.

டொக்டரிடம் கதைப்பதிலும் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால், நோவோடு நெளிந்துகொண்டே "ஓம், பரவாயில்லை" என்போம். அதை அவர் "நோயாளி நலமாக உணர்கிறார்" என்று எழுதி வைப்பார். ஒரு வருடம் கழித்துக் கொம்பனியின் ஆள் அந்த வரியைத்தான் தூக்கிக் காட்டுவார். மரியாதை போதும், உள்ளதைச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு நித்திரை முறிகிறது, எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, எந்தப் பெட்டியைத் தூக்க முடியவில்லை. கூட்டிச் சொல்லவும் வேண்டாம். ஆங்கிலம் தட்டினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மச்சானைக் கூட்டிப்போனால் உங்கள் நோவை விட்டுவிட்டு அவர் தன் கதையைச் சொல்லிவிட்டு வருவார்.

இனி அந்த 'ஐம்பதாயிரம்'. மற்றச் சாரதிமேல் வழக்குப் போட இரண்டு வருடம் இருக்கிறது, ஆனால் போடப்போகிறோம் என்ற எழுத்து அறிவித்தலை 120 நாளுக்குள் அனுப்ப வேண்டும். நோவுக்கும் வேதனைக்கும் நட்டஈடு கேட்க, காயம் நிரந்தரமானது, பாரதூரமானது, உடலின் அல்லது மனதின் முக்கியமான செயற்பாட்டைப் பாதிக்கிறது என்று நிறுவ வேண்டும். அதைத் தாண்டினாலும் சட்டம் ஒரு தொகையை வெட்டும். 2024 இல் அந்த வெட்டு 46,053 டொலர், வருடா வருடம் விலைவாசியோடு ஏறுகிறது. அதன்படி நீதிமன்றம் நோவுக்கு 60,000 தந்தால் கைக்கு வருவது 14,000க்கும் குறைவு. அதிலே சட்டத்தரணியின் பங்கும் போகும். எதிர்கால வருமான இழப்பு, வைத்தியச் செலவு போன்றவற்றில் இந்த வெட்டு இல்லை. எலும்பு முறிந்தவர்களும் வேலையே செய்ய முடியாமற் போனவர்களும் கட்டாயம் வழக்குப் போட வேண்டும். ஆறு மாதத்தில் மாறுகிற சுளுக்குக்கு டோ ட்ரக் ஆள் சொல்கிற கணக்கு எந்த ஊர்க் கணக்கோ தெரியாது. உங்கள் காயம் எந்தப் பக்கம் என்று இப்போது அவரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ. எடுக்க டொக்டர் சொன்னால் அது வரும்வரை பொறுங்கள்.

சட்டத்தரணி வேண்டுமா? கொம்பனி மறுத்தாலோ நோவு மாதக்கணக்கில் நின்றாலோ வேண்டும். ஆனால் அந்தக் கார்டில் இருப்பவரிடம் வேண்டாம். ஆள் பிடித்துக் கொடுக்கிற வெளியாட்களுக்குக் காசு கொடுக்கச் சட்டத்தரணிகளுக்கு இங்கே அனுமதி இல்லை, அப்படியானால் அந்த டோ ட்ரக் ஆள் சும்மா கார்ட் கொடுத்துத் திரிவாரா? ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பட்டியலில் பெயரைப் பாருங்கள், அனுமதி இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நடந்ததா என்று தெரியும். அந்தச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாகப் போனால் அரை மணி நேரம் வரை இலவசமாகக் கதைக்கலாம். வென்றால் மட்டும் பங்கு என்கிற ஒப்பந்தத்துக்கு 2021 ஜூலை முதல் ஒரே பொதுப் படிவம் உண்டு. அதில் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை வீதம், செலவுகள் அதற்கு வெளியே எவ்வளவு, தோற்றால் எதிராளியின் செலவு யார் தலையில்.

காசைத் தருகிறோம், கோப்பை மூடிவிடுவோம் என்று கொம்பனி சொன்னால் அவசரப்படாதீர்கள். அக்சிடென்ட் பெனிஃபிட்ஸை விபத்து நடந்த முதல் வருடத்துக்குள் அப்படி மூட முடியாது. பிறகு மூடினாலும், கையெழுத்து வைத்து இரண்டு வேலை நாளுக்குள் மனம் மாறலாம். மூடிய பிறகு இடுப்பு நொந்தால் அது உங்கள் பாடு.

நாளை காலை சிநேகிதரிடம் பொலிசி இலக்கத்தை வாங்கிக் கொம்பனிக்கு ஃபோன் எடுங்கள். கிளெய்ம் இலக்கத்தையும் கதைத்தவரின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். காயம் பட்ட விபத்தென்றால் பொலிஸுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சிநேகிதர் சொன்னாரா, அறிக்கை இலக்கம் என்ன என்று அவரிடமே கேளுங்கள். இல்லையென்றால் அதையும் நாளைக்கே முடியுங்கள். ஓ.சி.எஃப். 1 வந்ததும் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். சனிக்கிழமைகளில் நான் வீட்டில்தான், இருந்து ஒன்றாக நிரப்புவோம்.