என்னாலே ராஜாக்கள் அரசாளுகிறார்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வேதாகமம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் பள்ளி ஆசிரியை. எங்கள் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி குடும்ப ஜெபம் நடக்கும். போன வாரம் நீதிமொழிகள் 8ஆம் அதிகாரம். "என்னாலே ராஜாக்கள் அரசாளுகிறார்கள், பிரபுக்கள் நீதிசெலுத்துகிறார்கள்" என்ற வசனம் வந்ததும் என் தாய்மாமா வேதத்தை மூடி வைத்துவிட்டு, "ஆட்சியில் இருப்பவர் யாராக இருந்தாலும் ஆண்டவர் வைத்தவர். அவரைக் குறை சொல்வது ஆண்டவரைக் குறை சொல்வது" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. சாலொமோன் ராஜாவுக்கு ஞானத்தைக் கொடுத்தது ஆண்டவர். அப்படியிருந்தும் அவருடைய ஆட்சி ஜனங்களுக்குப் பாரமாகத்தானே முடிந்தது? அப்படியென்றால் அந்த ஞானத்துக்கு என்னதான் பலன்?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள சகோதரி,

மாமா படித்த வசனம் சரி. அதிகாரத்தை எங்கே தொடங்கி எங்கே மூடினார் என்பதில்தான் எனக்கு வருத்தம். முதல் மூன்று வசனங்களை இன்னொரு தடவை பாருங்கள். ஞானம் சத்தம்போட்டுக் கூப்பிடுகிறாள். எபிரெயத்தில் 'ஹொக்மா' பெண்பால் சொல், அதனால் இந்த அதிகாரம் முழுக்க ஒரு பெண்ணின் குரல்தான். அவள் நிற்கும் இடம் வழியோரத்து மேடு, பாதைகள் கூடும் சந்தி, ஊர்வாசல். அரண்மனை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஊர்வாசல் என்றால் அங்கே நியாயஸ்தலம் என்று அர்த்தம். ரூத் என்ற விதவையின் காரியத்தைத் தீர்க்க போவாஸ் மூப்பரில் பத்துப்பேரை உட்காரவைத்தது வாசலில்தான். "வாசலில் நியாயத்தை நிலைநிறுத்துங்கள்" என்று தீர்க்கதரிசி ஆமோஸ் கத்தியதும் இதனால்தான். வட இஸ்ரேலில் 'தேல் தான்' என்ற இடத்தில் தோண்டி எடுத்த நகரவாசலில் ஆட்கள் உட்கார்ந்த நீளமான கல் திண்ணை இன்றைக்கும் இருக்கிறது. கடன்பட்டவனும் விதவையும் நிலத்தை இழந்தவனும் வழக்கைத் தூக்கிக்கொண்டு வருகிற இடம் அது. ஞானம் அங்கே நின்று, "மனுஷரே, உங்களைத்தான் கூப்பிடுகிறேன்" என்கிறாள். பேதையைக் கூப்பிட்ட அதே மூச்சில்தான் 15ஆம் வசனத்தில் ராஜாவைப் பற்றிப் பேசுகிறாள். ராஜாவுக்கென்று தனியாக ஒரு ரகசியம் அவளிடம் இல்லை. அவனும் வாசலுக்கு வந்துதான் கேட்க வேண்டும்.

சரி, வசனத்துக்கு வருவோம். நம் தமிழில் "பிரபுக்கள் நீதிசெலுத்துகிறார்கள்" என்று இருக்கிறது. எபிரெய வினைச்சொல் இன்னும் கெட்டியானது. அதன் வேர் 'ஹாகக்', அதாவது கல்லில் செதுக்குவது, வெட்டிப் பொறிப்பது. என்னாலே பிரபுக்கள் நீதியைப் பொறிக்கிறார்கள் என்கிறாள். கொஞ்சம் கீழே போய் 27ஆம் வசனத்தையும் 29ஆம் வசனத்தையும் படியுங்கள். கடவுள் ஆழத்தின்மேல் வட்டம் குறித்தபோதும், சமுத்திரத்துக்கு எல்லை வைத்தபோதும், பூமியின் அஸ்திபாரங்களை நிலைப்படுத்தியபோதும் நான் அங்கே இருந்தேன் என்று சொல்கிறாள். வட்டம் குறித்தல், எல்லை, அஸ்திபாரத்தை வகுத்தல் என்ற மூன்று இடத்திலும் அதே வேர்தான் வருகிறது. மொழிபெயர்ப்பில் மூன்று வேறு சொற்களாகப் பிரிந்துபோனதால் நமக்கு அது கண்ணில் படுவதில்லை. எபிரெயத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் இதைக் கண்டு நான் அன்றைக்கு மேலே படிக்காமல் நிறுத்திவிட்டேன்.

கடலுக்கு இதுவரை வா, இதற்குமேல் வராதே என்று கரை போட்ட கை எதுவோ, ராஜாவின் சட்டமும் அந்தக் கையின் வேலையாக இருக்க வேண்டும். "என்னாலே அரசாளுகிறார்கள்" என்ற சொல் ராஜாவுக்குக் கட்டப்பட்ட கரை. மாமா அதை ராஜாவுக்குக் கொடுத்த உரிமைப் பட்டயமாக வாசித்துவிட்டார்.

வசனத்துக்குள்ளேயே 'நீதி' என்ற சொல் இருக்கிறதே, அதையும் அவர் தாண்டிப் போயிருக்கிறார். அநீதியைப் பொறிக்கிறவனைப் பற்றி ஞானம் இங்கே ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இரண்டு வசனம் முன்னாலேயே, பெருமையையும் அகந்தையையும் தீய வழியையும் புரட்டுவாயையும் வெறுக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். தான் வெறுக்கிறவனுக்கு அவள் எப்படிக் கைப்பிடியாக இருப்பாள்?

மாமா பக்கம் வேறு வசனங்கள் இருக்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. ராஜாக்களைத் தள்ளுகிறவரும் ஏற்படுத்துகிறவரும் அவர் என்று தானியேல் சொல்கிறான். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரைக் கர்த்தர் 'என் ஊழியக்காரன்' என்று அழைத்ததாக எரேமியாவில் இருக்கிறது. ஆனால் அதே தானியேல்தான் அந்த ராஜாவின் முகத்துக்கு நேரே நின்று, நீதியைச் செய்து உம் பாவங்களையும், சிறுமையானவர்களுக்கு இரங்கி உம் அக்கிரமங்களையும் அகற்றிவிடும் என்று சொன்னவன். ராஜா கேட்கவில்லை. ஒரு வருஷம் கழித்து அரண்மனையின் மேலே உலாவிக்கொண்டு, இது நான் கட்டின பாபிலோன் அல்லவா என்றான். அந்த வார்த்தை வாயில் இருக்கும்போதே ராஜ்யம் அவனைவிட்டுப் போனது. கடவுள் வைத்த ராஜா என்பதால் தானியேல் வாயை மூடிக்கொள்ளவில்லை. தாவீதுக்கு முன்னால் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி, "நீயே அந்த மனுஷன்" என்ற தீர்க்கதரிசி நாத்தானும் மூடிக்கொள்ளவில்லை.

இனி சாலொமோன். உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

1 இராஜாக்கள் 3ஆம் அதிகாரம். எருசலேமுக்கு வடமேற்கே சில மைல் தூரத்தில் கிபியோன். அங்கே ராத்திரி சொப்பனத்தில், "நீ விரும்புகிறதைக் கேள்" என்று தேவன் சொல்கிறார். சாலொமோன் கேட்டது, நம் வேதாகமத்தின்படி, "ஞானமுள்ள இருதயம்". எபிரெயத்தில் இருப்பது 'லேவ் ஷோமேயா'. நேராகச் சொன்னால் கேட்கிற இருதயம், காது கொடுக்கிற மனசு. அந்த வயதில் ஒருவன், எனக்குப் பேசத் தெரிய வேண்டும், ஜெயிக்கத் தெரிய வேண்டும் என்று கேட்டிருக்கலாம். இவன் கேட்கத் தெரிய வேண்டும் என்று கேட்கிறான்.

அந்த இருதயம் எப்படி வேலை செய்தது என்பதற்கு அடுத்த கதையே சாட்சி. நாம் ஞாயிறு பள்ளியில் வாளை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம். கதையை மெதுவாகப் படியுங்கள். ஒரே பிள்ளைக்கு நான்தான் தாய் என்று வந்தவர்கள் இரண்டு வேசிகள். ஊரில் யாரும் மதிக்காதவர்கள், சாட்சிக்கு ஆளில்லாதவர்கள். "வீட்டில் நாங்கள் இரண்டுபேர் தவிர வேறொருவரும் இல்லை" என்று அவளே சொல்கிறாள். ராஜா குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்காமல் அவள் சொல்வதை முழுக்கக் கேட்கிறான். மற்றவள் மறுக்கிறாள். இருவரும் ராஜாவுக்கு முன்னாலேயே வாதாடுகிறார்கள். அப்புறம் ராஜா பேசும் முதல் பேச்சு என்ன தெரியுமா? உயிரோடிருக்கிறது என் பிள்ளை, செத்தது உன் பிள்ளை என்று இவள் சொல்கிறாள். அப்படியல்ல, செத்தது உன் பிள்ளை, உயிரோடிருக்கிறது என் பிள்ளை என்று அவள் சொல்கிறாள். அவ்வளவுதான். இருவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே திருப்பிச் சொல்கிறான். அந்த இரண்டு பெண்கள் பேசியதை இதற்கு முன் யாராவது இப்படி ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லியிருப்பார்களா?

காதுக்கு இரண்டு பேச்சும் ஒன்றாகத்தான் இருந்தன. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கக் காது போதவில்லை. பிள்ளையை இரண்டாக வெட்டச் சொல்லி ராஜா கேட்ட வாள் வந்ததும் ஒருத்திக்கு உள்ளே கொதித்தது என்று எழுதியிருக்கிறது. அங்கே வரும் சொல் 'ரஹமீம்', இரக்கம். அது 'ரெஹெம்', அதாவது கர்ப்பப்பை என்ற சொல்லோடு பிறந்தது. ராஜா கேட்டது அந்தக் கொதிப்பைத்தான். ஏசாயா 11இல், வரப்போகும் ராஜா தமது காது கேட்டபடி தீர்ப்புச் செய்யமாட்டார் என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சி நினைவுக்கு வரும். அந்த அதிகாரத்தில் அவர்மேல் தங்கும் ஆவிக்குச் சொல்லப்படும் ஞானம், உணர்வு, ஆலோசனை, பெலன், அறிவு, கர்த்தருக்குப் பயப்படுதல் ஆகிய ஆறும் நீதிமொழிகள் 8இல் 12 முதல் 14 வரைக்கும் உள்ள வசனங்களில் இருக்கின்றன. மாமாவின் வசனத்துக்கு நேர்மேலே.

தீர்ப்பைக் கேள்விப்பட்ட ஜனங்கள், நியாயம் விசாரிக்கிறதற்கு தேவனுடைய ஞானம் ராஜாவுக்குள் இருக்கிறது என்று கண்டார்கள். தேவஞானம் எதற்கு என்பதை அந்த வசனம் வேறு வழியில்லாமல் சொல்லிவிடுகிறது. நியாயம் விசாரிப்பதற்கு.

அப்புறம் என்ன ஆயிற்று? கிபியோனில் அவன் கேட்ட ஜெபத்தில் இன்னொரு சொல் இருக்கிறது. இந்த உமது ஏராளமான ஜனங்களை நியாயம் விசாரிக்க யாரால் ஆகும் என்கிறான். ஏராளமான என்று தமிழில் வந்திருக்கும் சொல் எபிரெயத்தில் 'காவேத்'. அதன் முதல் அர்த்தம் பாரமான என்பது. ஜனங்களின் பாரம் தன் தோளில் இருப்பதை அன்றைக்கு அவன் உணர்ந்திருந்தான்.

ஒன்பது அதிகாரம் தள்ளி, அவன் செத்த பிறகு, சீகேமில் ஜனங்கள் கூடி அவன் மகன் ரெகொபெயாமிடம், உம் தகப்பன் எங்கள்மேல் வைத்த பாரமான நுகத்தை லேசாக்கும் என்கிறார்கள். அங்கேயும் 'காவேத்'. ஜனம் ராஜாவுக்குப் பாரமாக இருந்தது போய், ராஜா ஜனத்துக்குப் பாரமாகிவிட்டான். இடையில் நடந்ததற்குக் கணக்கு அதே புத்தகத்தில் இருக்கிறது. அரண்மனைச் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்குக் கொழுத்த மாடு 10, மேய்ச்சல் மாடு 20, ஆடு 100. லீபனோனில் மரம் வெட்ட 30,000 பேர், மாதத்துக்குப் பத்தாயிரம் பேராக முறைபோட்டு. சுமை சுமக்க 70,000 பேர், மலையில் கல் வெட்ட 80,000 பேர். ஆலயம் கட்ட ஏழு வருஷம், தன் அரண்மனைக்குப் பதின்மூன்று வருஷம். இஸ்ரவேலரை அடிமைகளாக்கவில்லை என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறது, உண்மைதான். சீகேமில் வந்து நின்ற தோள்களுக்கு அந்த வேறுபாடு தெரிந்ததாகத் தோன்றவில்லை.

உபாகமம் 17இல் ராஜாவுக்குச் சொல்லியிருந்தது சின்ன விஷயம். குதிரைகளைப் பெருக்காதே, அதற்காக எகிப்துக்கு ஆள் அனுப்பாதே, மனைவிகளைப் பெருக்காதே, வெள்ளியும் பொன்னும் அதிகம் சேர்க்காதே. சிங்காசனத்தில் உட்கார்ந்ததும் நியாயப்பிரமாணத்துக்கு ஒரு பிரதி எழுதிவைத்து, உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசி, உன் சகோதரருக்குமேல் உன் இருதயம் உயர்ந்துவிடாதபடிக்கு. பாபிலோன் ராஜா ஹம்முராபியின் கல்தூணில் அவன் நியாயத்தின் தேவன் ஷமாஷுக்கு முன் நிற்பதாகச் செதுக்கியிருக்கிறது, கீழே வருவது ராஜா தன் பேரில் எழுதிய சட்டம். இஸ்ரவேலில் ராஜா சட்டத்தைப் பார்த்து எழுதுகிறவன், படிக்கிறவன். சாலொமோனின் குதிரைகள் எகிப்திலிருந்து வந்தன. வருஷத்துக்கு 666 தாலந்து பொன் வந்தது. மனைவிகள் 700, மறுமனையாட்டிகள் 300. எழுதினவர் உபாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கை எழுதினாரோ என்று நினைக்கும் அளவுக்குப் பொருந்துகிறது.

ஆக, ஞானம் தோற்றுவிட்டதா என்றால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் கேட்டு வாங்கியது கேட்கிற இருதயம். கேட்பதை நிறுத்தினால் அது இருந்தும் இல்லாததுதான். கொடுத்தாகிவிட்டது, இனி என்னுடையது என்று பெட்டியில் பூட்டிவைக்கிற சொத்தாக வேதம் ஞானத்தைச் சொல்லவே இல்லை. நீதிமொழிகளில் அவள் தினந்தினம் வாசலில் நிற்கிறாள், ஆள் தினந்தினம் போக வேண்டும்.

ரெகொபெயாம் போகவில்லை. முதியவர்கள், இன்றைக்கு நீர் இந்த ஜனத்துக்கு ஊழியக்காரனாக இருந்தால் என்றைக்கும் அவர்கள் உமக்கு ஊழியர் என்றார்கள். கூட வளர்ந்த வாலிபர்களின் பேச்சுதான் அவனுக்கு இனித்தது. என் தகப்பன் சவுக்கால் அடித்தார், நான் தேளால் அடிப்பேன் என்று சொன்னான். அடுத்து எழுதியிருக்கும் வார்த்தை: ராஜா ஜனங்களுக்குச் செவிகொடுக்கவில்லை. எபிரெயத்தில் 'லோ ஷாமா'. தகப்பன் கிபியோனில் வாயெடுத்துக் கேட்ட அதே வேர்ச்சொல், முன்னால் ஒரு 'இல்லை'யோடு.

எரேமியாவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கூலி கொடுக்காமல் வேலை வாங்கி, கேதுருமரப் பலகை அடித்து, சிவப்பு வர்ணம் பூசி மாளிகை கட்டிய யோயாக்கீமைப் பார்த்து அவர் கேட்கிறார்: கேதுருவில் போட்டிபோடுவதால் நீ ராஜாவா? உன் தகப்பன் யோசியா சாப்பிட்டான், குடித்தான், சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரித்தான், சுகமாயிருந்தான். "அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு" என்கிறார் கர்த்தர். கடவுளை அறிகிற அறிவுக்கு இதைவிட நேரான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

வரும் சனிக்கிழமை நீதிமொழிகள் 8ஐ முதல் வசனத்திலிருந்து மாமாவையே வாசிக்கச் சொல்லுங்கள். அவர் குரல் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். முடிந்ததும் நீங்கள் 1 இராஜாக்கள் 12ஐ எடுங்கள், 18ஆம் வசனம் வரைக்கும். பகுதி (ஜனங்கள் அரசுக்குச் செலுத்தும் கடமை) விசாரிக்க ராஜா அனுப்பின அதோராமைக் கல்லெறிந்து கொன்றுவிட்டு ஜனங்கள் நிற்கிறார்கள், ராஜா அவசர அவசரமாக ரதத்தில் ஏறி எருசலேமுக்கு ஓடுகிறான்.