எல்லோருக்கும் பிடித்தது எனக்கும் பிடிக்க வேண்டுமா?

சென்ற இதழில், ஊரே கொண்டாடினாலும் உங்கள் மனம் ஒட்டாத ராட்டினமோ தின்பண்டமோ இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். நல்லூர்த் திருவிழா முடிந்து, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போன கையோடு கேட்டதாலோ என்னவோ, கடிதங்களில் பாதி டிஸ்னியையும் கனடாவையும் பற்றியவை, மீதி நல்லூர் வீதியைப் பற்றியவை. எனக்கும் இதில் பலரோடு ஒத்துப்போகாத கருத்துகள் உண்டு. ஒளிக்காமல் சொல்கிறேன்.

மார்கழியில் பாரிஸில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போகிறோம். அப்பா, அம்மா, அம்மம்மா, நான், தம்பி. டிஸ்னிலாண்டுக்கு ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். பொம்மைகள் பாடும் படகுச் சவாரிக்கு மட்டும் போகவேண்டாம், நித்திரை வரும் என்று சித்தியின் மகன் சொல்கிறான். உண்மையா? — மாணவி, கொக்குவில்

இல்லை தங்கச்சி. முதலில் அதற்குத்தான் போங்கள்.

'இட்ஸ் எ ஸ்மோல் வேர்ல்ட்' என்ற அந்தப் படகை உலகம் முழுக்க ஆட்கள் திட்டுகிறார்கள், ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வருகிறது, பொம்மைகள் தலையை மட்டும் ஆட்டுகின்றன என்று. அந்த ஒரே பாட்டு எப்படி வந்தது என்று தெரிந்தால் காது கொஞ்சம் வேறுவிதமாகக் கேட்கும். 1964இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் யுனிசெப்புக்காக இதைக் கட்டியபோது, ஒவ்வொரு நாட்டுப் பொம்மையும் தன் தேசிய கீதத்தைப் பாடவேண்டும் என்றுதான் வோல்ட் டிஸ்னி முதலில் நினைத்தார். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால் வெறும் இரைச்சல். அதற்குப் பிறகுதான் ஷெர்மன் சகோதரர்களைக் கூப்பிட்டு, எல்லா மொழியிலும் பாடக்கூடிய ஒரு எளிய பாட்டுக் கேட்டார். நிறங்களும் உருவங்களும் மேரி பிளேர் என்ற ஓவியருடைய கை. 1966இல் கலிபோர்னியாவுக்கு வந்தது, பாரிஸில் பூங்கா திறந்த 1992இலிருந்து அங்கேயும் ஓடுகிறது.

நான் அதில் போனது என் அம்மாவோடு. அம்மாவுக்கு அப்போது முழங்கால் வருத்தம், பிரெஞ்சும் தெரியாது ஆங்கிலமும் தெரியாது. காலையில் நாங்கள் ஸ்பேஸ் மவுண்டன் என்ற வேகச் சவாரிக்கு வரிசையில் நின்றபோது அம்மா எங்கள் மூன்று பையையும் குளிர்ச்சட்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே ஒரு வாங்கில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தார். நாங்கள் ஏறி இறங்கியது சில நிமிடம். இறங்கி வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சவாரியின் சந்தோசம் அப்படியே வடிந்துவிட்டது. பின்னேரம் படகில் அம்மா, அக்கா, அக்காவின் சின்னவள் மூன்று பேரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். அம்மா வாழ்நாள் முழுக்கத் தையல் மெசினோடு இருந்தவர், பாட்டையே கவனிக்கவில்லை, "இவ்வளவு உடுப்பையும் ஆர் தைச்சது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். சின்னவள் ஒவ்வொரு பொம்மையாகக் காட்ட, அம்மா துணியைச் சொன்னார்.

அன்றிலிருந்து ஒரு சவாரி நல்லதா கூடாதா என்று நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அதற்காக எங்கள் கூட்டத்தில் எத்தனை பேர் பையோடு வெளியே நிற்கவேண்டி வருகிறது? இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. லொஸ் ஏஞ்சலிஸில் கிரிஃபித் பார்க் என்ற பூங்காவில் மகள்மார் குதிரை ராட்டினத்தில் சுற்ற, தான் மட்டும் வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஒரு இடம் வேண்டும் என்று தோன்றியது என வோல்ட் டிஸ்னியே சொல்லியிருக்கிறார். அந்த எண்ணம்தான் 1955இல் டிஸ்னிலாண்ட் ஆனது. வாங்கில் ஒருவரை விட்டுவிட்டுப் போகும் சவாரிகளுக்கு இவ்வளவு பெயரும், எல்லோரும் சேர்ந்து போகும் படகுக்கு இவ்வளவு ஏச்சும் கிடைப்பது எனக்கு உண்மையிலேயே கவலை.

தம்பி சின்னவன் என்றால் பிக் தண்டர் மவுண்டனுக்கு 1.02 மீற்றர் உயரம் வேண்டும், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 1.20. பாரிஸில் அந்தத் தண்டர் மலை ஒரு தீவில் இருக்கிறது, வண்டி தண்ணீருக்கு அடியில் சுரங்கத்தால் போய்த்தான் தீவில் ஏறுகிறது. வேகச் சவாரிகளில் எனக்குப் பிடித்தது அதுதான். உயரம் காணாத பிள்ளை இருந்தால் அப்பா போய்வந்த பிறகு அம்மா மறுபடி முழு வரிசையும் நிற்காமல் போகலாம், 'பேபி சுவிட்ச்' என்று வாசலில் கேளுங்கள். மார்கழிக் குளிர் அம்மம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது. நுழைந்ததும் வரும் பெரிய வீதிக்கு இரண்டு பக்கமும் கூரை போட்ட நீண்ட நடைபாதை உண்டு, பாரிஸ் மழைக்கும் குளிருக்கும் என்றே கட்டியது, அதற்குள்ளால் நடத்திக் கூட்டிப்போங்கள்.

கனடாஸ் வொண்டர்லாண்ட் பூங்காவின் ரோலர்கோஸ்டர்களில் லெவையதனை விட பெஹீமொத் மேல் என்று சொன்னால் மச்சான்மார் என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். நீங்கள் ஏறியிருந்தால் சொல்லுங்கள். — வாசகர், ஸ்காபரோ

தம்பி, நான் உங்கள் பக்கம். அண்ணா வீட்டுக்குப் போனபோது இரண்டிலும் ஏறினேன்.

2012இல் வந்த லெவையதன் 93 மீற்றர் உயரம், நல்லாய் வளர்ந்த பனை மூன்றை ஒன்றின்மேல் ஒன்று நிறுத்திய மாதிரி, வேகம் மணிக்கு 148 கிலோமீற்றர். அந்த முதல் இறக்கத்துக்கு ஈடு இல்லை, அதை யாரும் மறுக்கமுடியாது. ஆனால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் அந்த இறக்கத்தின் மிச்ச வேகம்தான், பெரிய வளைவுகளில் உடம்பை இருக்கையோடு அமத்திக்கொண்டே போகிறது. 2008இல் வந்த பெஹீமொத் 70 மீற்றர், 125 கிலோமீற்றர், தாளில் பார்த்தால் சின்னது. அதில் மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொரு மேட்டு உச்சியிலும் வண்டி கீழே திரும்பிவிடும், உடம்போ இன்னும் மேலேயே போகப் பார்க்கும், ஒரு கணம் இருக்கைக்கும் உங்களுக்கும் நடுவில் இடைவெளி விழும். சின்ன வயதில் வேப்பமரத்து ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் வயிற்றுக்குள் ஒன்று எழும்புமே, அதேதான். அதை ஒருதரம் தருவதா பலதரம் தருவதா நல்லது? உயரத்தை அளந்து பெருமைப்படுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

2019இல் வந்த யூகோன் ஸ்ட்ரைக்கர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விளிம்பில் நிறுத்திவைத்து, மூன்று விநாடி கீழே பார்க்கவிட்டு, பிறகு செங்குத்தாகத் தண்ணீருக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் விடும். எனக்கு அந்த மூன்று விநாடி போதும்.

மகன் ஒர்லாண்டோவுக்குக் கூட்டிப்போகிறான். அங்கே அன்னாசி ஐஸ்கிறீம் சாப்பிடாமல் வந்தால் போனதற்கே அர்த்தமில்லை என்கிறான். எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது, கால் நோவும் உண்டு. — வாசகி, மானிப்பாய்

அக்கா, 'டோல் விப்' என்ற அதைத்தான் சொல்கிறான். 1980களில் இருந்து டிஸ்னியில் விற்கிறார்கள், பால் சேர்க்காத அன்னாசிக் குளிர்க்களி, சுருட்டிச் சுருட்டிக் கோப்பையில் நிரப்பித் தருவார்கள். புளோரிடா வெயிலில் முதல் நாலு கரண்டி நல்லாய்த்தான் இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு அது அன்னாசியே இல்லை. பஸ் நிலையத்தடியில் அன்னாசியை வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவார்களே, அதைச் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்குப் புளிப்பும் உறைப்பும் இல்லாத அன்னாசி பாதிப் பழம். உப்புத் தூவுவது வீம்புக்கு இல்லை, உப்புப் பட்டால் கசப்பு அடங்கி இனிப்பு மேலே வரும். மகனோடு ஒரு கோப்பையைப் பங்குபோட்டுச் சாப்பிடுங்கள், அவனுக்கும் மனம் நோகாது.

சுரோஸ் கிடைத்தால் அதை வாங்குங்கள். முறுக்கு உரலில் நட்சத்திர அச்சுப் போட்டுப் பிழிந்து எண்ணெயில் பொரித்து, சீனியும் கறுவாத்தூளும் பிரட்டியது. அந்த நட்சத்திர வரி அழகுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம், வரி இல்லாமல் மொத்தமாகப் பிழிந்தால் உள்ளே ஆவி தங்கி எண்ணெயில் வெடிக்கும், முறுக்குச் சுட்டவர்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. சூடாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். பெரிய வான்கோழிக் காலைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் படம் எடுப்பார்கள், அது உப்பில் ஊறவைத்துப் புகைபோட்ட இறைச்சி, பன்றித்தொடை மாதிரி ருசிக்கும், ஒருவரால் முடிக்க ஏலாது.

கால் நோவுக்கு: 'கரோசல் ஒஃப் புரோகிறஸ்' என்றொரு அரங்கு இருக்கிறது, பழசு, ஆட்கள் தாண்டிப் போய்விடுவார்கள். நாடக மேடைகள் அசையாமல் நிற்க, பார்க்கிற நாங்கள் இருக்கைகளோடு சுற்றிச் சுற்றி அடுத்த மேடைக்குப் போகிறோம். ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் மின்சாரம் எப்படி எப்படி வந்தது என்பதுதான் கதை. இதுவும் 1964 நியூயோர்க் கண்காட்சிக்குச் செய்ததுதான். விளக்கு வெளிச்சத்தில் படித்து வளர்ந்த எங்களுக்கு, மின்சாரம் வந்த வீட்டின் சந்தோசம் யாரும் விளக்காமலே புரியும். நான் இரண்டுதரம் பார்த்தேன்.

நல்லூருக்குப் போனால் ஐஸ்கிறீம் சாப்பிட்டே ஆகவேண்டுமா? — வாசகர், கோண்டாவில்

வேண்டாம். எனக்கும் அந்த உயரக் கண்ணாடிக் கோப்பையில் ஜெலியும் பழமும் கஜுவும் வேஃபரும் அடுக்கி வரும் 'ஸ்பெஷல்' பிடிப்பதில்லை, நடுவுக்குப் போவதற்குள் எல்லாம் உருகி ஒரே இனிப்பாகிவிடும். வெறும் வனிலா ஒரு கப் போதும், அதைவிட ஐஸ்பழம் மேல். பின்னேரத் திருவிழா பார்த்து, வெறுங்காலோடு மணலில் நின்று, வேர்த்து விறுவிறுத்து வெளியே வருகிறவனுக்குத் தேவை உப்பு. கச்சான்தான். சுடுமணலில் போட்டு வறுத்த கச்சானுக்கு எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சூடு ஏறும், அதனால்தான் கோது கருகாமலே பருப்பு மொறுமொறுக்கிறது, அடுப்பில் வெறும் சட்டியில் வறுத்துப் பாருங்கள், அந்தப் பதம் வராது. அதோடு கச்சான் வீட்டுக்கும் போகும். கோவிலுக்கு வரமுடியாமல் வீட்டில் இருக்கும் அப்பம்மாவுக்கு ஐஸ்கிறீமைக் கொண்டுபோக முடியுமா?

இன்னொன்று. தும்பு முட்டாஸை நிறம் போட்ட குப்பை என்று பெரியவர்கள் ஒதுக்குகிறார்கள். அது சீனியும் ஒரு துளி நிறமும்தான், உருகிய சீனி சுழலும் தட்டின் ஓட்டைகளால் சிதறிக் காற்றில் நூலாக இறுகுகிறது. அந்த மெசினை 1897இல் அமெரிக்காவில் செய்தவர்களில் ஒருவர் பல் வைத்தியர், வில்லியம் மொறிசன், மற்றவர் மிட்டாய்க்காரர் ஜோன் வோர்ட்டன். 1904 செயின்ற் லூயிஸ் கண்காட்சியில் பெட்டி 25 சதம் என்று 68,655 பெட்டி விற்றார்கள். கனமான ஒரு அல்வாத் துண்டில் இருக்கும் சீனியை யாரும் பேசுவதில்லை, காற்றை நிரப்பிய இந்தத் தும்பைத்தான் ஏசுகிறார்கள்.

முற்றவெளியில் காணிவேல் வந்தால் பிள்ளைகள் மரணக்கிணறு பார்க்கவேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். எனக்கு விருப்பமில்லை, நான் பிழையா? — தாய், நல்லூர்

பிழை இல்லை. மோட்டார்சைக்கிள் சுவரில் ஓடுவது மந்திரம் இல்லை. வேகமாகச் சுற்றும்போது சுவர் வண்டியை உள்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும், அந்த அமத்தத்தில் ரயருக்கும் பலகைக்கும் உண்டாகும் உராய்வுதான் விழாமல் பிடிக்கிறது. வேகம் குறைந்தால் பிடி விட்டுவிடும். அந்தத் திறமைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் மேலே நின்று நாங்கள் நோட்டை நீட்ட, தலைக்கவசம் இல்லாத ஒரு பொடியன் கையை விட்டுவிட்டு அதை எட்டிப் பறிப்பதைப் பார்த்துக் கைதட்ட என்னால் முடியவில்லை. அந்த நோட்டை அவன் இறங்கி வந்த பிறகு கையில் கொடுக்கலாமே. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் காட்டிக்கொடுங்கள்.

பெரிய ராட்டினம் பற்றியும் கேட்டீர்கள். ஏற்றலாம், ஏறுமுன் சில விஷயம் பாருங்கள்: கூடைக் கதவுக்குக் கொளுக்கி போட்டு ஊசியும் போடுகிறார்களா, எதிர் எதிர்ப் பக்கமாக ஆட்களைச் சமமாக ஏற்றுகிறார்களா, காற்று எழும்பினால் நிறுத்துகிறார்களா. பல வருடத்துக்கு முன் ஒரு காணிவேலில் எங்கள் கூடைக்கு ஊசி போடாமலே சுற்றத் தொடங்கிவிட்டார்கள், என் மகன் தன் பெல்ற்றைக் கழற்றிக் கதவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான். ஊசி இல்லையென்றால் இறங்கிவிடுங்கள், ரிக்கெற் காசு போனால் போகட்டும்.

பாரிஸ் டிஸ்னியின் பேய் வீட்டுக்கு ஐந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போகலாமா? — வாசகி, சாவகச்சேரி

இருட்டுக்குப் பயந்த பிள்ளை என்றால் அடுத்த வருடம் பார்க்கலாம். மற்றப் பிள்ளைகள் தாங்குவார்கள். போகுமுன் இரவில் அறையில் விளக்கைப் போட்டு, ஜன்னல் கண்ணாடியில் பிள்ளையின் உருவம் வெளியே முற்றத்தில் நிற்பது போல் தெரிவதைக் காட்டுங்கள். அங்கே ஆடும் பேய்களும் இப்படித்தான், மறைவில் வெளிச்சம் போட்ட பொம்மை, நடுவில் கண்ணாடி. என் பெறாமகளுக்கு இதைக் காட்டிவிட்டுத்தான் கூட்டிப்போனோம், உள்ளே முழுக்க "கண்ணாடி எங்கே, கண்ணாடி எங்கே" என்று தேடிக்கொண்டே வந்தாள்.