நோட்டீஸில் இல்லாத சித்தி

கேள்வி: எனக்கு 43 வயது. சொந்த ஊர் திருச்சி. பதினேழு வருடமாக லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் இருக்கிறோம். அம்மா 2006-ல் மார்பகப் புற்றுநோயில் போய்விட்டார். அவர் நினைவாக ஒவ்வொரு ஜூனிலும், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டப் பூங்காவில் நடத்தும் நடைப்பயணத்தில் நானும் 14 வயது மகளும் கலந்துகொள்வோம். "அம்மாச்சிக்காக" என்று எழுதி முதுகில் ஒட்டிக்கொண்டு நடப்போம். இந்தத் தடவை பூங்கா வாசலில் கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் நான்கைந்து பேர் நின்று நோட்டீஸ் கொடுத்தார்கள். கருவைக் கலைத்தால் மார்பகப் புற்றுநோய் வரும், டாக்டர்கள் இதை மறைக்கிறார்கள் என்று அதில் இருந்தது. கொடுத்தவர்களில் ஒருவர், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் என்னோடு பாடம் எடுக்கும் அக்கா!

மகள் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ராத்திரி படுக்கப் போகும்போது, "அம்மாச்சி அப்படி ஏதாவது பண்ணாங்களாம்மா?" என்று கேட்டாள். "ச்சே, இல்லடி" என்றேன். பொய். எனக்கும் தம்பிக்கும் பிறகு, 1986-ல், அம்மா அரசு ஆஸ்பத்திரியில் கருவைக் கலைத்துவிட்டு அப்படியே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொண்டார். கடைசி நாட்களில் என்னிடம் மட்டும் சொன்னார். பிள்ளையே உண்டாகாத சித்திக்கும் இதே நோய் வந்து, ஒரு பக்கம் எடுத்து, இப்போது திருச்சியில் நன்றாக இருக்கிறார். எங்கள் குடும்பத்துக்கு என்ன சாபமோ. அந்த நோட்டீஸ் சொல்வது உண்மையா? இங்கே அப்படி நிற்கக் கூடாது என்று சட்டம் வந்திருக்கிறதே, போலீஸில் சொல்லலாமா? அந்த அக்காவோடு எப்படிப் பேசுவது? மகளிடம் என்ன சொல்வது?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கேட்டிருக்க வேண்டிய ஐந்தாவது கேள்வியை, சாபம் என்று ஒரே வார்த்தையில் கடந்துபோய்விட்டீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நோட்டீஸ் சொல்வது உண்மையில்லை. உங்கள் அம்மாவுக்கு நோய் வந்ததற்கு 1986-ல் அவர் எடுத்த முடிவு காரணமில்லை. இதை இன்று ராத்திரி தூங்கப் போகுமுன் உங்களுக்கு நீங்களே ஒருமுறை சத்தமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்துகொள்வது நல்லது, நாளைக்கு மகள் கேட்பாள். முதல் பிள்ளையை இள வயதில் முழு மாதம் சுமந்து பெற்றவர்களுக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் குறைவு. இது மெய். இதிலிருந்துதான் ஒரு ஊகம் பிறந்தது: கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஹார்மோன் ஏறி மார்பகத் திசுக்கள் பெருகுகின்றன, அவை முதிரும் முன்னே கர்ப்பம் பாதியில் நின்றால் ஆபத்தாகுமோ என்று. கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. பழைய ஆய்வுகள் சிலவும் ஆமாம் போலத்தான் என்றன.

அந்த ஆய்வுகளை எப்படிச் செய்தார்கள் என்பதில்தான் சூட்சுமம். நோய் வந்த பெண்களையும் வராத பெண்களையும் கூப்பிட்டு, "நீங்கள் எப்போதாவது கருக்கலைப்பு செய்ததுண்டா?" என்று கேட்டார்கள். நோயில் படுத்தவள் தன் ஆயுசையே துருவித் துருவிப் பார்த்திருப்பாள், எனக்கு மட்டும் ஏன் என்று. டாக்டரிடம் ஒன்றையும் மறைக்க மாட்டாள். நல்லபடியாக இருப்பவள் முன்பின் தெரியாத ஆளிடம் எதற்குச் சொல்லப் போகிறாள்? "இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். உங்கள் அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் வாய் திறக்காதவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அல்லவா உங்களிடம் சொன்னார்? இப்படி ஒரு பக்கம் ஒப்புக்கொண்டு மறுபக்கம் மறைத்தால், கணக்கு நோயாளிகள் பக்கம் சாயத்தானே செய்யும்.

அதனால் ஆட்களின் வாய்மொழியை விட்டுவிட்டுப் பதிவேட்டைப் பார்த்தார்கள். டென்மார்க்கில் கருக்கலைப்பு, புற்றுநோய் இரண்டுமே அரசுப் பதிவேட்டில் ஏறும். அங்கே 15 லட்சம் பெண்களின் பதிவுகளைப் பொருத்திப் பார்த்து 1997-ல் வெளியிட்டார்கள். கருக்கலைப்பால் மொத்தத்தில் ஆபத்து கூடவில்லை. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் அதைவிடப் பெரிய கணக்கு வந்தது. 16 நாடுகள், 53 ஆய்வுகள், நோய் கண்ட 83,000 பெண்கள். நோய் வருமுன்பே தகவல் பதிந்திருந்த ஆய்வுகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது தொடர்பு இல்லை. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2003-லேயே நூற்றுக்கும் மேற்பட்ட நிபுணர்களைக் கூட்டி இதே முடிவுக்கு வந்திருந்தது. எவரும் எதையும் மறைக்கவில்லை, தங்கச்சி. அந்த நோட்டீஸ்தான் இருபது வருடத்துக்கு முன்னால் முடிந்த விசாரணையைச் சொல்லாமல் மறைக்கிறது.

போலீஸ் விஷயம். நீங்கள் சொல்லும் சட்டம் 2024 அக்டோபர் 31 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் இருக்கிறது. கருக்கலைப்பு செய்யும் கிளினிக்கையும் ஆஸ்பத்திரியையும் சுற்றி 150 மீட்டருக்குள் வரும் பெண்களின் மனதை மாற்றப் பார்ப்பதும், அவர்களை வழிமறிப்பதும், கலங்கடிப்பதும் குற்றம். அதற்கு முன்பே 2018-ல் லண்டனின் ஈலிங் கவுன்சில் தன் பகுதிக் கிளினிக்கைச் சுற்றித் தனியாக ஒரு தடை போட்டது. அந்த நாட்டிலேயே அதுதான் முதல். ஆனால் பூங்கா கிளினிக் ஆகாது. இலவசத் தாள் விநியோகிக்க அனுமதி வாங்க வேண்டும் என்று சில கவுன்சில்கள் வைத்திருக்கும் விதியிலும், மதம், அரசியல், நம்பிக்கை சார்ந்த தாள்களுக்கு விலக்கு உண்டு. வாசலுக்கு வெளியே பொதுப் பாதையில் நின்று கொடுத்திருந்தால் போலீஸ் செய்ய அதிகம் ஒன்றுமில்லை.

அது சரிதான் என்றே நான் நினைக்கிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை ஒளிக்க மாட்டேன். மதுரைப் பக்கம் அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள் நான். நம் நாட்டில் கருக்கலைப்பு சட்டம் 1972-ல் நடைமுறைக்கு வந்தது. நான் வேலையில் சேர்ந்தது அதற்குக் கொஞ்சம் பின்னால். சட்டம் வந்தும் விஷயம் தெரியாத கிராமங்களிலிருந்து, எருக்கங்குச்சி வைத்துச் சீழ் பிடித்து, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு வண்டியில் வந்து இறங்கிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். சிலர் திரும்பிப் போகவில்லை. அதற்காகச் சட்டம் வேண்டும் என்பவள். அதே வார்டில், வயிற்றில் இருப்பது பெண் என்று எங்கேயோ தெரிந்துகொண்டு மாமியார் இழுத்துவந்த பெண்களையும் பார்த்தேன். அன்றைக்கெல்லாம் வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காது. ஆகவே கருவை ஓர் உயிராக எண்ணி மனம் பதறுகிறவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். அவர்கள் தெருவில் நின்று தங்கள் கருத்தைச் சொல்லட்டும்.

கருத்தைச் சொல்வது வேறு, மருத்துவப் பொய்யை அச்சடித்துக் கொடுப்பது வேறு. அதுவும் எங்கே வந்து கொடுத்தார்கள் பாருங்கள். செத்துப்போன அம்மாவின் பெயரை முதுகில் ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள், கீமோவில் முடி கொட்டித் தலையில் துணி கட்டி வருகிறவர்கள், இவர்கள் கையில். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் உங்களைப் போல ராத்திரி விழித்துக் கிடந்தார்களோ. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவர் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

நடைப்பயணத்தை நடத்துகிறவர்களுக்கு ஒரு மெயில் எழுதுங்கள். வாடகைக்கு எடுத்த மைதானத்துக்குள் யார் என்ன கொடுக்கலாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. வாசலுக்கு வெளியே தடுக்க முடியாவிட்டாலும், அடுத்த வருடம் உள்ளே ஒரு மேசை போட்டு, "அந்த நோட்டீஸ் கிடைத்ததா? இங்கே வந்து கேளுங்கள்" என்று ஒரு நர்ஸை உட்கார வைக்கலாம். நோட்டீஸை போட்டோ எடுத்து இணையுங்கள். கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

அந்த அக்கா. அவர் பொய் என்று தெரிந்தே கொடுத்தார் என்று நான் நினைக்கவில்லை. யாரோ கட்டாகக் கையில் கொடுத்திருப்பார்கள். நல்ல காரியம் என்று வெயிலில் நின்றிருப்பார். பிள்ளைகள் முன்னால் வேண்டாம், வாட்ஸ்அப்பில் அறவே வேண்டாம். பள்ளி முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது பேசுங்கள். கருக்கலைப்பு சரியா தவறா என்ற வாதத்துக்குள் போகவே போகாதீர்கள். அதில் இறங்கினால் இரண்டு பேரும் கரையேற மாட்டீர்கள். "அக்கா, உங்க நம்பிக்கையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. எங்கம்மா அந்த நோயில போனவங்க. நீங்க குடுத்த தாளைப் படிச்சுட்டு எம் பொண்ணு, அம்மாச்சி என்ன தப்பு பண்ணாங்கன்னு கேக்குறா. அதுல புற்றுநோயைப் பத்திப் போட்டிருக்கிறது உண்மையில்லக்கா. அந்தப் பக்கத்தை மட்டும் குடுக்காதீங்க." இவ்வளவு போதும். அம்மாவின் 1986 சங்கதி அவருக்கு எதற்கு? அதைச் சொல்ல வேண்டாம். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அடுத்த சனிக்கிழமை நீங்கள் வழக்கம்போல வணக்கம் சொல்லுங்கள்.

மகளிடம் வருவோம். அந்த "ச்சே" என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. பொய்யைக்கூட மன்னித்துவிடலாம், திடீரென்று கேட்டாள், வாய் தவறியது. ஆனால் 'ச்சே' என்றதும், அப்படிச் செய்திருந்தால் அம்மாச்சி அசிங்கமானவள் என்று அந்தக் குழந்தை எடுத்துக்கொண்டிருக்கும். நாளைக்கு அவளுக்கே ஏதாவது ஒன்று என்றால், உங்களிடம் வராமல் போய்விடக் கூடாது பாருங்கள். உட்கார வைத்துச் சொல்லுங்கள்: அன்றைக்கு நான் சொன்னது பொய்டி, பயந்துபோய்ச் சொல்லிட்டேன். அம்மாச்சிக்கு ரெண்டு பிள்ளைக்கு அப்புறம் இன்னொன்றைத் தாங்க உடம்பிலோ வீட்டிலோ தெம்பு இல்லை, சட்டப்படி ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, அதனால இந்த நோய் வரல. அம்மா ஏன் செய்தார் என்பது எனக்குத் தெரியாது. உங்களிடம் சொன்ன காரணத்தை உள்ளபடியே சொல்லுங்கள். எண்பதுகளில் எங்கள் வார்டில் வாரத்துக்கு நான்கைந்து பேராவது உங்கள் அம்மா மாதிரி வருவார்கள். கலைப்பும் ஆபரேஷனும் ஒரே நாளில். ஊரில் கேட்டால் 'வயித்து வலிக்குப் போயிருந்தேன்' என்பார்கள். அந்த வயிற்று வலிக்காரிகளை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் வருகிறது, என்னவோ போலவும் இருக்கிறது.

இனி ஐந்தாவது கேள்வி. உங்கள் சித்தி.

நோட்டீஸ் சொல்கிற கணக்குப்படி பார்த்தால், பிள்ளையே உண்டாகாத சித்தி எதைக் கலைத்தார்? ஒரு சித்தியை வைத்து விஞ்ஞானம் பேச முடியாதுதான். பிள்ளை பெறாதவர்களுக்கு ஆபத்து சற்றுக் கூடுதல் என்பதும் உண்டு. ஆனால் அக்கா தங்கை இருவருக்கும் ஒரே நோய் என்றால், ஒரு நர்ஸின் கண் வேறு இடத்துக்குப் போகும். பெரும்பாலான மார்பகப் புற்றுநோய் பரம்பரையாக வருவதில்லை. ஆனால் சில குடும்பங்களில் பி.ஆர்.சி.ஏ. போன்ற மரபணுக்களில் உள்ள மாற்றம் வழிவழியாக இறங்கும். ஆண்கள் வழியாகவும் இறங்கும், ஆகவே இது உங்கள் தம்பிக்கும், தம்பிக்குப் பெண் இருந்தால் அவளுக்கும் சேர்ந்த சங்கதி. அம்மாவுக்கும் அம்மாவின் உடன்பிறந்தவருக்கும் நோய் வந்திருந்தால், ஜி.பி., அதாவது உங்கள் குடும்ப டாக்டர், உங்களை மேல் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்பது அங்குள்ள வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. எல்லோருக்கும் வரும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அழைப்பு ஐம்பது வயதுக்கு மேல்தான் வரும். ஆபத்து கூடுதல் என்று கண்டால் நாற்பதிலிருந்தே வருடத்துக்கு ஒரு முறை எடுப்பார்கள். உங்களுக்கு 43. அந்த நோட்டீஸைப் பார்த்துப் பயந்தீர்களே, அந்தப் பயத்தில் பாதியை இங்கே திருப்பிவிடுங்கள்.

ஜி.பி.யிடம் போனால் முதலில் கேட்கப்போவது, அம்மாவுக்கும் சித்திக்கும் எந்த வயதில் கண்டுபிடித்தார்கள், ஒரு பக்கமா இரு பக்கமா, வீட்டில் வேறு யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்று உண்டா என்பதுதான். சித்தியிடம் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். வேலை முடிந்து சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடாதீர்கள், திருச்சியில் அப்போது ராத்திரி பத்தரை, படுத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுங்கள்.